தனியார் உள்ளரங்க ஷூட்டிங் ரேஞ்ச்: கான்கிரீட் போடுவதற்கு முன்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் ஷூட்டிங் ரேஞ்ச் கட்டப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், மேஸ்திரி முதலில் கேட்பது “சுவர் எத்தனை இஞ்ச் சார்?” என்றுதான். கல்லும் ஜல்லியும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிற ஊர். எட்டு இஞ்ச் என்றால் எட்டு, பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு, போட்டுவிடலாம். ஆனால் அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. எந்தத் துப்பாக்கி, அதன் குண்டு எங்கே போய் நிற்கும், சுடும்போது எழும் புகை எந்தப் பக்கம் போகும் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்தபின் சுவரின் கனம் தானாகவே தெரிந்துவிடும். சுவரில் தொடங்கிய கட்டடம் பெரும்பாலும் உறுதியாகத்தான் நிற்கும், ஆனால் உள்ளே நின்று சுட முடியாது.

முதலில் துப்பாக்கி

10 மீட்டர் போட்டிகளில் பயன்படும் ஏர் ரைஃபிளின் பெல்லட் 4.5 மி.மீ விட்டம், அரை கிராம் சொச்சம் எடை. நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஆற்றல் ஏழரை ஜூல் அளவு. பாயிண்ட் டூ டூ (.22) ரைஃபிளின் குண்டு 2.6 கிராம், நொடிக்கு ஏறக்குறைய 330 மீட்டர்; ஆற்றல் 140 ஜூல். அதாவது பெல்லட்டைப் போலப் பதினெட்டு மடங்கு. .32 ரிவால்வரின் குண்டு மெதுவாகப் போனாலும் எடை கூடுதல் என்பதால் ஆற்றல் ஏறக்குறைய .22 அளவுக்கே வருகிறது. .315 ரைஃபிள், 12 போர் ஷாட்கன் இரண்டுக்கும் கணக்கே வேறு. இங்கே சொல்லும் ட்ராப்பும் (குண்டைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு) சுவரும் அவற்றுக்குப் போதாது.

சட்டமும் இந்த இடத்தில்தான் பிரிகிறது. ஆற்றல் 20 ஜூலுக்குள், குழல் 4.5 மி.மீக்குள் இருக்கும் ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. அதற்கு மேலே போனால் 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும் வந்துவிடும். கையில் துப்பாக்கி லைசென்ஸ் இருப்பதால் சொந்த நிலத்தில் ரேஞ்ச் நடத்தலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அனுமதிகள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, போலீஸ் விசாரணை முடிந்து, எழுத்தில் அனுமதி வரும்வரை அஸ்திவாரம் தோண்ட வேண்டாம். கட்டட வரைபட அனுமதி, தீயணைப்புத் துறையின் சான்று ஆகியவை தனி. மாவட்ட ரைஃபிள் சங்கம் அல்லது மாநிலச் சங்கத்தின் வழியாக வரைபடத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது. பிறகு சுவரை இடிப்பதைவிட வரைபடத்தில் கோட்டை அழிப்பது சுலபம்.

புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் ஆலோசனை 10 மீட்டர் ஏர் ரேஞ்ச்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்தப் பிரிவில். அவருடைய பயிற்சியில் பெரும்பகுதி வீட்டிலேயே அமைத்த ரேஞ்சில் நடந்தது. 2024 பாரிஸில் மனு பாக்கர் வாங்கிய வெண்கலங்களும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில்தான். ஒலிம்பிக் வரை போகக்கூடிய விளையாட்டை ஒரு நடுத்தர குடோனுக்குள் அடக்கிவிடலாம் என்றால் அதிலிருந்து தொடங்குவதில் குறை ஒன்றுமில்லை.

10 மீட்டர் ஏர் ரேஞ்ச்

நான்கு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று சுட, உள் அளவு 14 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் போதும். அடிக் கணக்கில் 46-க்கு பதினாறரை. பத்து மீட்டர் சுடும் தூரம், சுடுபவருக்குப் பின்னால் மூன்று மீட்டர், டார்கெட்டுக்குப் பின்னால் ஒரு மீட்டர். ஒருவர் நின்று சுடும் பாதையான லேனுக்குக் குறைந்தது ஒரு மீட்டர் அகலம் வேண்டும். ஒன்றேகால் இருந்தால் ரைஃபிள் ஜாக்கெட் போட்டவர்கள் முழங்கை இடிக்காமல் நிற்பார்கள்.

தூரத்தில் சலுகை குறைவு. சுடும் கோட்டிலிருந்து டார்கெட்டின் முகம் வரை 10 மீட்டர், கூடக்குறைய 5 செ.மீ மட்டும். இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு இது: கொத்தனார் கடைசிச் சுவரிலிருந்து பத்து மீட்டர் அளந்து கோடு போட்டுவிடுவார். பிறகு டார்கெட் பெட்டியைச் சுவருக்கு முன்னால் மாட்டினால் முப்பது செ.மீ காணாமல் போயிருக்கும். பெட்டியை மாட்டிவிட்டு, அட்டை நிற்கும் முகத்திலிருந்து ஒவ்வொரு லேனுக்கும் தனித்தனியாக ஸ்டீல் டேப் பிடியுங்கள். டார்கெட்டின் மையம் சுடும் இடத்தின் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரம், இதற்கும் அதே 5 செ.மீ சலுகைதான். தரை முடிவதற்குள் பெட்டியை மாட்டி, அப்புறம் சிமென்ட் படுக்கை, டைல்ஸ் என்று நான்கைந்து செ.மீ ஏற்றினால் அந்தச் சலுகை அங்கேயே தீர்ந்துவிடும்.

ரைஃபிள் டார்கெட் அட்டை 80 மி.மீ சதுரம். அதன் நடுவில் பத்துப் புள்ளி என்பது அரை மி.மீ அளவுள்ள ஒரு பொட்டு. இதைப் பார்க்க டார்கெட்டின் மேல் 1500 லக்ஸ், அறையில் பொதுவாக 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். டார்கெட்டுக்குத் தனி எல்.இ.டி விளக்கு, சுடுபவரின் கண்ணில் படாதபடி முன்னால் ஒரு மறைப்புப் பலகை. பக்கச் சுவரில் ஜன்னல் வைத்தால் காலையில் ஒரு லேன், மாலையில் இன்னொரு லேன் கண் கூசும். ஜன்னலே வேண்டாம்.

இந்த ஆற்றலுக்கு ஆறு இஞ்ச் சாலிட் பிளாக் சுவர் தாராளம். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் பணத்துக்குக் கேடு. ஆனால் டார்கெட்டுக்குப் பின்னால் வெறும் பூச்சுச் சுவரை விடக்கூடாது. பெல்லட் பட்டால் பூச்சு உதிரும், ஈயத் துணுக்கும் சிமென்ட் பொடியும் சேர்ந்து தரையில் கிடக்கும். அட்டைக்குப் பின்னால் 3 மி.மீ இரும்புத் தகடு 45 டிகிரி சாய்வாக, கீழே தட்டுடன் உள்ள பெட்டி. அதற்கும் பின்னால் சுவரில் 18 மி.மீ பிளைவுட். பெட்டியைச் சுற்றித் தப்பும் பெல்லட்டுகளுக்குக் கிரஷர்களில் கழித்துப் போடும் பழைய கன்வேயர் பெல்ட் அருமையான திரை. தளர்வாகத் தொங்கவிட வேண்டும். ஆணியடித்து இறுக்கினால் பெல்லட்டை வாங்கிக்கொள்ளாமல் திருப்பி எறியும். இரும்பு உருண்டைகளை ஏர் ரேஞ்சுக்குள் அனுமதிக்கவே கூடாது. ஈயம் நசுங்கி ஆற்றலை இழக்கும். இரும்பு நசுங்காது, வந்த வழியே கண்ணுக்குத் திரும்பி வரும். உரிமம் தேவையில்லாத துப்பாக்கிதானே என்று கண்ணாடி போடாமல் நிற்பவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

குண்டு கான்கிரீட்டில் பட்டால்

இனி .22, .32 சுடும் 25 மீட்டர் ரேஞ்சுக்கு வருவோம். கான்கிரீட் சுவர் இங்கேதான் தேவைப்படுகிறது. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

200 மி.மீ கம்பி கட்டிய கான்கிரீட்டை ஒரு பிஸ்டல் குண்டு துளைத்துப் போகாது. ஆனால் நேராகப் பட்ட இடத்தில் ஒரு குழி விழும். கான்கிரீட் சில்லும் குண்டின் துணுக்கும் சுட்டவர் பக்கமே தெறிக்கும். அதே இடத்தில் மறுபடி மறுபடி பட்டால் குழி ஆழமாகி, கம்பி வெளியே தெரியும். கம்பியில் பட்ட குண்டு எந்தத் திசையில் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே கான்கிரீட் சுவர் குண்டைப் பிடிப்பதற்கு அல்ல, தப்பிப்போன ஒன்றிரண்டு குண்டுகள் கட்டடத்தை விட்டு வெளியே போகாமல் தடுப்பதற்கு. பிடிக்கிற வேலை ட்ராப்புடையது.

பக்கச் சுவரில் குண்டு சாய்வாகப் படும்போது நடப்பது இன்னொன்று. பந்து மாதிரி வந்த கோணத்திலேயே திரும்பாது. சுவரை ஒட்டிக்கொண்டு, மிகச் சிறிய கோணத்தில் முன்னால் வழுக்கிப் போகும். வழவழப்பான நேர்ச்சுவராக இருந்தால் அப்படியே போய் ட்ராப்பில் விழுந்துவிடும். வழியில் சுவரிலிருந்து ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. சுவருக்கு உள்பக்கம் நான்கு இஞ்ச் துருத்தும் தூண், சுவிட்ச் பெட்டி, குழாய் கிளாம்ப், கதவு நிலை எல்லாமே சுடுபவரைப் பார்த்து நிற்கும் ஒரு சிறு சுவர்தான். நம் பக்கம் வழக்கமாகப் போடும் பிரேம் கட்டடத்தில் தூண் ஒன்பது இஞ்ச், சுவர் ஆறு இஞ்ச், மிச்ச மூன்று இஞ்ச் உள்ளே துருத்தும். ரேஞ்சில் அந்த மிச்சம் வெளிப்பக்கம் போக வேண்டும். கூரை பீமும் அப்படியே. கீழே தொங்காமல் ஸ்லாபுக்கு மேலே ஏறும் தலைகீழ் பீம் கேளுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை எஞ்சினியரிடம் முதல் நாளே சொல்லாவிட்டால் பிறகு ஒவ்வொரு பீமுக்கும் இரும்புத் தகடு மாட்ட வேண்டி வரும்.

ஹாலோ பிளாக்கில் கட்டலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும், விலை குறைவு என்பதால். ஹாலோ பிளாக்கின் ஓடு மூன்று, மூன்றரை செ.மீ கனம்தான், நாலைந்து குண்டில் உடைந்து வழிவிடும். ஒவ்வொரு துளையிலும் கம்பி நிறுத்திக் கான்கிரீட் நிரப்பினால் சரி, ஆனால் அத்தனை துளையும் நிரம்பியதா என்று சுவர் எழுந்தபின் பார்க்க வழியில்லை. சாலிட் பிளாக் பரவாயில்லை, பலவீனம் செங்குத்து இணைப்பில் இருக்கிறது: படுக்கைக் கலவையை ஒழுங்காக வைப்பார்கள், பக்கத்து இணைப்பைக் கரண்டி நுனியால் தடவிவிட்டுப் போவார்கள். எடை குறைந்த ஏ.ஏ.சி பிளாக்கைக் கைரம்பத்தாலேயே அறுக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அது குண்டுக்கு ஆகாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சுவரை வார்ப்பது

இரண்டு லேன் கொண்ட 25 மீட்டர் ரேஞ்சுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. உள் அகலம் 3.6 மீட்டர், உயரம் 3 மீட்டர். சுடும் தூரம் 25, ட்ராப்புக்கு 4, சுடுபவருக்குப் பின்னால் 5. மொத்தம் 34 மீட்டர், 112 அடி. இரண்டு பக்கச் சுவரும் கடைசிச் சுவரும் சேர்த்து 72 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 0.2 மீட்டர் கனம்: 43 கன மீட்டர் கான்கிரீட். ரெடிமிக்ஸ் லாரி ஒன்றுக்கு 6 கன மீட்டர் என்றால் எட்டு நடை. சைட்டிலேயே கலக்கினால் எம் 25 கலவைக்குச் சுமார் 300 மூட்டை சிமென்ட். கம்பியை ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர்தான் முடிவுசெய்ய வேண்டும். பொதுவாக 10 அல்லது 12 மி.மீ கம்பி, 15 முதல் 20 செ.மீ இடைவெளியில், இரண்டு முகத்திலும் வலை.

இந்த மாவட்டங்களில் செம்மண்ணுக்குக் கீழே சில அடியிலேயே பாறை தட்டும் இடங்கள் நிறைய. நல்லதுதான், ஆனால் முழு நீளத்துக்கும் தட்டாது. 112 அடி நீளச் சுவரில் பாதி பாறைமேலும் பாதி கொட்டி நிரப்பிய மண்மேலும் உட்கார்ந்தால், மண் பக்கம் இறங்கி நடுவில் மேலிருந்து கீழ்வரை விரிசல் விடும். சுவரின் எடை மட்டுமே மீட்டருக்கு ஒன்றரை டன். நிரப்பிய மண்ணை முழுக்க எடுத்துவிட்டு கெட்டித் தரை வரை இறங்கித்தான் ஃபுட்டிங் போட வேண்டும்.

வார்க்கும்போது கெடுவது பெரும்பாலும் அவசரத்தால். மூன்று மீட்டர் உயரத்தையும் ஒரே மூச்சில் மேலிருந்து கொட்டினால் ஜல்லி தனியாக, சிமென்ட் பால் தனியாகப் பிரியும். சென்ட்ரிங் பிரித்தபின் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை தெரியும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 ஒன்றரை மீட்டருக்கு மேல் கான்கிரீட்டை விழவிட வேண்டாம் என்கிறது. ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஒரு தடவை, வைப்ரேட்டரோடு. தேன்கூட்டை வெறும் சிமென்ட் பூசி மறைப்பது இங்கே ஏமாற்று வேலை. பூச்சு அரை இஞ்ச், உள்ளே ஓட்டை ஆறு இஞ்ச். உடைத்தெடுத்து, சுருங்காத கிரௌட் கலவையால் நிரப்ப வேண்டும். பலகைகளைப் பிடிக்க சுவருக்குள் விட்ட டை ராடு, பி.வி.சி குழாய் ஓட்டைகளும் அதே கிரௌட்டால் இரண்டு பக்கமிருந்தும் அடைபட வேண்டும். அவற்றை எண்ணி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இரண்டு மூன்று விட்டுப்போவது வழக்கம்.

சாம்பல் கலந்த பி.பி.சி சிமென்ட் என்றால் குறைந்தது பத்து நாள், முடிந்தால் பதினான்கு நாள் நனைக்க வேண்டும். தருமபுரி ஏப்ரல் வெயிலில் நிற்கும் சுவரில் ஹோஸ் பிடித்துக் காலையும் மாலையும் தண்ணீர் அடிப்பது போதாது, அரை மணியில் காய்ந்துவிடும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, சாக்கு காயாமல் பார்க்க வேண்டும்.

கான்கிரீட் முடிந்தபின் அதன் மேல் ஒரு தோல் வேண்டும். சுடும் கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியில் சுவரிலிருந்து இரண்டு இஞ்ச் தள்ளி மரச்சட்டம் அடித்து அதன்மேல் 18 மி.மீ பிளைவுட். குண்டு பிளைவுட்டைத் துளைத்துப் போய் கான்கிரீட்டில் உடையும்; சில்லு இடைவெளிக்குள்ளேயே நின்றுவிடும். செம்மண் பூமியில் இந்தப் பலகையை முதலில் கண்டுபிடிப்பது கரையான்தான். கட்டுவதற்கு முன்பே மண்ணுக்குக் கரையான் மருந்து, தண்ணீர் தாங்கும் தரப் பிளைவுட், தரையிலிருந்து ஓர் இஞ்ச் தூக்கிப் பொருத்துதல் என்று மூன்றும் சேர்ந்தால்தான் தாங்கும்.

குண்டைப் பிடிக்கும் இடம்

ட்ராப்பில் மூன்று வழிகள் உண்டு. மிகப் பழையது மணல் மேடு. மலிவு என்பதற்காக எம்-சாண்ட் கொட்ட நினைப்பவர்கள் உள்ளரங்கில் அதைச் செய்யாதீர்கள். கருங்கல்லை நொறுக்கிய மணல். ஒவ்வொரு குண்டும் அதை இன்னும் பொடியாக்கி சிலிக்கா தூசியைக் கிளப்பும். போதாததற்கு, சுடச்சுட ஈயம் ஒரே இடத்தில் கட்டியாகச் சேர்ந்து, பின்னால் வரும் குண்டு முந்தைய குண்டின் மேல் பட்டு எகிறும்.

இரண்டாவது, சாய்வான கெட்டி இரும்புத் தகடு. குண்டை உடைக்காமல் சாய்த்துக் கீழே அல்லது பின்னால் உள்ள அறைக்குள் வழுக்கவிடுவது இதன் சூட்சுமம். கிடைமட்டத்திலிருந்து 15–20 டிகிரி சாய்வு மட்டும். குவாரி டிப்பர்களின் தொட்டிக்கும் கிரஷர்களுக்கும் போடும் தேய்மானம் தாங்கும் தகடு எது என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹார்டாக்ஸ் 500 போன்ற, பிரினெல் என்ற கடின அளவில் 500 உள்ள 10 மி.மீ தகடு கைத்துப்பாக்கிக்கும் .22-க்கும் பொருந்தும். சாதாரண எம்.எஸ் (மென் இரும்பு) பிளேட் போட்டால் குழி விழும். அடுத்த குண்டு அந்தக் குழிக்குள் பட்டுத் துணுக்கு நேராகத் திரும்பும். ஓசூரில் வெட்டக் கொடுக்கும்போது கேஸ் கட்டிங் வேண்டாம், லேசர் அல்லது வாட்டர் ஜெட் என்று எழுதிக் கொடுங்கள். கேஸ் தீயில் விளிம்பின் கடினம் செத்துவிடும். குண்டு படும் முகத்தில் வெல்டிங்கும் போல்ட் தலையும் கூடாது; பிடிமானம் எல்லாம் முதுகில்.

மூன்றாவது, பழைய டயரை நொறுக்கிய ரப்பர். சிறு ரேஞ்சுக்கு எங்கள் ஓட்டு இதற்கே. குண்டு முழுசாக உள்ளே புதைந்துவிடுவதால் ஈயப்பொடி கிளம்புவது குறைவு, சத்தமும் குறைவு. 35 டிகிரி சாய்வில், அடியில் இரும்புத் தகட்டின் மேல், 60 செ.மீ கனத்துக்குப் பரப்ப வேண்டும். மேலே சொன்ன 3.6 மீட்டர் அகலத்துக்கு, 2.4 மீட்டர் உயரம் வரை, 9 கன மீட்டர், ஏறக்குறைய 5 டன் ரப்பர் பிடிக்கும். டயருக்குள் இருந்த கம்பித்துண்டு காந்தம் வைத்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும், தீ பரவாமைக்கான மருந்து கலந்திருக்க வேண்டும். தினமும் குண்டு படும் இடத்தில் ரப்பர் சரிந்து கனம் குறையும். வாரம் ஒருமுறை கம்பி செருகிப் பார்த்து வாரி ஏற்றுவது வேலையோடு வேலை.

தலைக்கு மேலே தகரக் கூரை மட்டும் போட்டு முடித்துவிட்டவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: .22 குண்டு தடையில்லாமல் போனால் ஒன்றரை கிலோமீட்டர் தாண்டும். 15 செ.மீ கான்கிரீட் ஸ்லாப் போட்டு அடிப்பக்கத்தில் சுவர் போலவே பிளைவுட் அடித்துவிடுவது நேரான தீர்வு. தரை வழவழப்பாக, இணைப்புக் கோடுகள் குறைவாக இருக்கட்டும். சுடும் கோட்டுக்கு முன்னால் கதவே இல்லாமல் கட்ட முடிந்தால் உத்தமம்.

காற்று

அனுபவமில்லாதவர்கள் கடைசியில் யோசிப்பதும், ரேஞ்சை மூட வைப்பதும் இதுதான். தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரில் ஈயக் கலவை இருக்கிறது, குண்டும் ஈயம். ஒவ்வொரு முறை சுடும்போதும் கண்ணுக்குத் தெரியாத ஈயப்புகை சுடுபவரின் முகத்துக்கு ஓரடி முன்னால் கிளம்புகிறது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் ஈயத்துக்கு மேல் கூடாது என்கிறது. கதவு மூடிய கான்கிரீட் பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லாமல் சுட்டால் இந்த அளவைச் சீக்கிரமே தாண்டிவிடலாம். சட்டையிலும் செருப்பிலும் ஒட்டி வீட்டுக்குப் போகும் ஈயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் மூளைக்குத்தான் கேடு.

வேண்டியது எளிமையான ஒன்று: சுடுபவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து முழு அகலத்துக்கும், தரையிலிருந்து கூரை வரை, காற்று ஒரே சீராக முன்னால் நகர வேண்டும். அவர் நிற்கும் இடத்தில் வேகம் நிமிடத்துக்கு 75 அடி, அதாவது நொடிக்கு 0.38 மீட்டர். கணக்குப் போடுங்கள். 3.6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம்: 10.8 சதுர மீட்டர். இதை 0.38-ஆல் பெருக்கினால் நொடிக்கு 4.1 கன மீட்டர், ஏ.சி. காரர்களின் மொழியில் 8,700 சி.எஃப்.எம் (நிமிடத்துக்குக் கன அடி). வெளியேற்றும் ஃபேன் அதைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக, 9,500 அளவில் இழுக்க வேண்டும். அப்போதுதான் அறைக்குள் அழுத்தம் சற்றே குறைந்து, கதவு இடுக்கு வழியாகக் காற்று உள்ளே வருமே தவிர ஈயம் வெளியே போகாது. நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரோடு சேர்த்து வெளியேற்றும் ஃபேனுக்கு மட்டும் 10 எச்.பி மோட்டார் வரலாம். மும்முனை இணைப்பு இல்லாமல் இந்த ரேஞ்ச் இல்லை. கட்டுமானச் செலவை மட்டும் கணக்கிட்டு இறங்கியவர்கள் இந்த இடத்தில்தான் விழிக்கிறார்கள்.

காற்றை உள்ளே விடும் முறையும் முக்கியம். பின்சுவருக்கு முன்னால் இரண்டடி தள்ளி, முழு அகலத்துக்கும் துளைகள் இட்ட தகட்டுச் சுவர் ஒன்று வைத்து, அதன் பின்னால் காற்றை நிரப்பினால் சீராகக் கசியும். ஒரே டக்டிலிருந்து பீய்ச்சினால் சுழல் உண்டாகி, புகை சுடுபவரின் முகத்துக்கே திரும்பும். உள்ளே ஸ்பிளிட் ஏ.சி மாட்டுவது இதே கேட்டை இன்னும் நன்றாகச் செய்யும். ஈயத்தை அறைக்குள்ளேயே சுற்றிச்சுற்றி விடும். வெயிலுக்கு வேண்டுமானால் உள்ளே வரும் காற்றைத் தண்ணீர் நனையும் கூலிங் பேட் வழியாக எடுங்கள். உலர்ந்த கோடையில் இது நன்றாகவே வேலை செய்யும், காற்று எப்படியும் ஒரு வழியாக வெளியே போய்விடுவதால் புழுக்கமும் தேங்காது.

ஃபேன் ஓடுவது போதுமா என்று சோதிக்க இயந்திரம் வருவதற்கு முன்பே ஒரு வழி உண்டு. சுடும் கோட்டில், முழங்கால், இடுப்பு, முகம் என்று மூன்று உயரத்திலும் ஊதுபத்தி பிடியுங்கள். புகை ஒரே கோடாக டார்கெட் பக்கம் போனால் நல்லது. சுருண்டாலோ பின்னால் வந்தாலோ துளைத் தகட்டை மறுபடி பார்க்க வேண்டும். ஆள் ஒருவரை அங்கே நிற்கவைத்துச் சோதியுங்கள், ஏனென்றால் அவர் உடம்பே காற்றுக்கு ஒரு தடை. ஃபேன் நின்றால் ரேஞ்சின் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், சுடுவது நிற்க வேண்டும். கரண்ட் போகும் நேரத்தில் “ஒரே ஒரு மேகசின்” என்பதற்கு இடமில்லை.

தீயும் சத்தமும்

மூடிய கான்கிரீட் அறையில் .22 கூடக் காதைப் பிளக்கும். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித்திரும்பி வரும். இதைக் குறைக்க முட்டை அட்டை, பி.யூ ஃபோம், பழைய கம்பளம் என்று ஒட்டுகிறவர்கள் உண்டு. செய்யவே கூடாது. ஒவ்வொரு சுடுதலிலும் எரியாத வெடிமருந்துத் துகள்கள் கொஞ்சம் முன்னால் சிதறும். அவை ஃபோமிலும் கம்பளத்திலும் சேரும். ஒரு பொறி போதும். 2009 நவம்பரில் தென் கொரியாவின் புசான் நகர உள்ளரங்க ரேஞ்ச் ஒன்றில் பற்றிய தீயில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் சுற்றுலா வந்த ஜப்பானியர். சுவரில் பொருத்துவது கல் இழையான ராக்வூல் ஆகட்டும். இரண்டு இஞ்ச் கனம், கண்ணாடி இழைத் துணி உறையோடு, சுடுபவருக்குப் பின்னாலும் தலைக்கு மேலும். காதுக்கு உள்ளே ஒரு பிளக், வெளியே ஒரு மஃப், இரண்டும் சேர்த்து.

வெளியே கேட்கும் சத்தம் கான்கிரீட் வழியாகப் போவதில்லை, கதவு இடுக்கு வழியாகவும் காற்று டக்ட் வழியாகவும்தான் போகிறது. நுழைவாயிலில் இரட்டைக் கதவு, நடுவில் சிறு அறை, டக்டில் சைலன்சர். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் போன்ற காட்டோரப் பக்கங்களில் இதை அலட்சியமாக விட்டால், அனுமதியுள்ள ரேஞ்சாக இருந்தாலும் வேட்டுச் சத்தத்தைக் கேட்டு வனத்துறை வந்து விசாரிக்கும்.

சுத்தம் செய்வதில் ஒரே விதி: துடைப்பம் உள்ளே வரக்கூடாது. பெருக்கினால் ஈயமும் மருந்தும் எழும்பும். ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்யூம், அதுவும் மோட்டாரில் பொறி எழாத வகை, பிறகு ஈரத்துணி. அந்தத் தண்ணீரைச் சாக்கடையிலோ தென்னைக்கோ ஊற்றாதீர்கள். ட்ராப்பில் சேரும் ஈயத்தை அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்குக் கொடுத்து ரசீது வாங்கிவையுங்கள். பழைய இரும்புக் கடைக்காரர் கூடுதல் விலை சொல்லலாம், அவர் வீட்டுக் கொல்லையில் அதை உருக்குவார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வாசலில் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் உள்ள ஒரு தொட்டி, ரேஞ்சுக்கென்று தனிச் செருப்பு, உள்ளே டீ கிடையாது.

புதிய ரேஞ்சில் முதல் இருநூறு சுற்று முடிந்ததும் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் நாலைந்து பிளைவுட் பலகைகளைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். டார்கெட்டுக்குப் பக்கத்துப் பலகையில் ஓட்டை இருந்தால் சுடுபவரின் பழக்கம். சுடும் கோட்டுக்கு அருகில் இருக்கும் பலகையில் ட்ராப் பக்கமிருந்து வந்து தைத்த துணுக்கு ஒன்றாவது இருந்தால் ட்ராப்பில் கோளாறு, ரேஞ்சை அன்றே பூட்டிவிட்டு ட்ராப்பின் சாய்வை மறுபடி அளக்க வேண்டும்.